சீம்பால் பவுடரும் மாமாவின் வயிறும்

என் பி.எச்டி. கைடுக்கு வயிற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரியும். எங்கே தெரியாததுபோல இருந்தால் லாபம் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். நானும் சார் என்றே எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை எதையும் அவர் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் மேல்மாடியில் எங்கள் லேப் இருந்தது. கீழே வாசலில் கண்ணாடிச் சுவர், விளக்குப் போட்ட நீரூற்று. மேலே செல்களைச் சூடு மாறாமல் வளர்க்கிற எங்கள் இன்குபேட்டரின் கதவு சரியாக மூடாது. டேப் ஒட்டித்தான் சமாளித்தோம். நான் அங்கே இருந்த வருஷங்களில் அந்தக் கதவைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. நீரூற்று ஒருநாளும் நின்றதில்லை.

என் வேலை இரைப்பைச் சுவரின் செல்களோடு. நம் இரைப்பையின் உட்புறத்தில் ஓர் ஒற்றை வரிசையாகச் செல்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஆணியைக் கரைக்கிற அமிலத்துக்கும் நம் சதைக்கும் நடுவில் இருப்பது அந்த வரிசையும் அதன் மேலே பூசிய சளியும்தான். தினமும் அதில் கீறல் விழுகிறது. சூடான காபி, காய்ந்த முறுக்கு, தலைவலி மாத்திரை, எதுவாலும் விழும். விழுந்த கொஞ்ச நேரத்திலேயே ஓரத்தில் இருக்கும் செல்கள் தட்டையாகி, பாதம் நீட்டி, நகர்ந்து வந்து ஓட்டையை மூடிவிடுகின்றன. புதிய செல்கள் பிறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நகர்வது ஒரு வேலை, பெருகுவது வேறு வேலை. இரண்டுக்கும் உத்தரவு கொடுப்பவை வளர்ச்சிக் காரணிகள் என்ற சின்னச் சின்னப் புரதங்கள். செல்லின் மேலே அதற்கென்று இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் உள்ளே செய்தி போகும்: நகரு, பிரி, இப்போதைக்குச் சாகாதே.

இதில் ஒரு புரதம் நம் எச்சிலிலேயே இருக்கிறது. அதை நாள் முழுக்க விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். யாரும் பில் போடுவதில்லை. அதனாலேயே அதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதும் இல்லை.

லேபில் இதைப் பார்க்க ஒரு எளிமையான வழி உண்டு. தட்டு நிறையச் செல்களை வளர்த்து, பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயின் முனையால் நடுவில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். செல்கள் சுரண்டப்பட்டு ஒரு வெற்றிடம் விழும். அதில் வளர்ச்சிக் காரணியை ஊற்றி, இரண்டு கரையும் எவ்வளவு வேகமாகச் சேர்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆற்றின் இரு கரையும் ஒன்றையொன்று தேடி வருவதுபோல இருக்கும். இந்த அழகுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. படம் அழகாக இருந்தால் என்ன கேள்வி கேட்டோம் என்பதையே மறந்துபோகிற ஆட்கள் படிப்பாளிகளில்தான் அதிகம்.

மறக்கக் கூடாத ஒன்றும் இருந்தது. நல்ல இரைப்பையின் செல்களை வெளியே எடுத்தால் அவை அதிக நாள் உயிரோடு இருக்காது. அதனால் உலகம் முழுக்க லேப்களில் வளர்ப்பது பெரும்பாலும் இரைப்பைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள். எங்களிடம் இருந்ததும் அதுதான். எப்போதோ, ஏதோ ஒரு நாட்டில், வயிற்றில் கட்டி வந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது. அந்த அம்மா போய்ச் சேர்ந்திருப்பாள். செல்கள் போகவில்லை. அவை அடுத்த செல்லைத் தொட்டாலும் நிற்பதில்லை, ஒன்றன் மேல் ஒன்று ஏறும். வளர்ச்சிக் காரணி கொடுக்கிற உத்தரவைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் உத்தரவே இல்லாமல் ஓடப் பழகிய கூட்டம் அது. அதை வைத்து ஆராய்ச்சி செய்யலாம், தப்பில்லை. என்ன வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நினைப்பு போன நாள் எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆரோக்கிய உணவு கம்பெனி நடத்துகிற ஒருவர் சாரைப் பார்க்க வந்த நாள். கசங்காத லினன் சட்டை, வெறுங்காலில் மாட்டிய ஷூ. லேபில் எல்லோரையும், தரை துடைக்க வந்த அக்கா உட்பட, டாக்டர் என்று கூப்பிட்டார். அவருடைய சரக்கு சீம்பால் பவுடர். கன்று போட்ட மாடு முதல் சில நாள் கொடுக்கிற பாலில் வளர்ச்சிக் காரணிகள் நிறைய இருக்கும். அது உண்மை. அதனால் இந்தப் பவுடரைக் குடித்தால் அல்சர் ஆறும் என்றார். அது அவருடைய ஆசை. நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்கத்தான் அவருக்கு ஒரு லேப் வேண்டியிருந்தது.

சீம்பாலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆர்வம். நம் பாரம்பரியம், நம் கிராமம், நம் பாட்டிகள் என்று அடுக்கினார். எங்கள் ஊர் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில். அங்கே மாடு வைத்திருந்தவர்கள் ஒரு தெரு, அந்த மாட்டைக் குளிப்பாட்டி, சாணி அள்ளியவர்கள் வேறொரு தெரு. நாங்கள் இரண்டாவது தெரு. கன்று போட்டால் நஞ்சுக்கொடியை எடுத்துப் போடத்தான் எங்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள், சீம்பால் கொடுக்க இல்லை. அவருடைய பாரம்பரியம் எந்தத் தெருவில் ஓடியது என்று கேட்க வாய் வரை வந்தது. சார் காபி சொல்லியிருந்தார். நான் போய் வாங்கிவந்தேன்.

பரிசோதனையை நான்தான் செய்தேன். பட்டினி போட்ட செல்கள், நடுவில் கோடு, மேலே கரைத்த பவுடர். கரைகள் வேகமாகச் சேர்ந்தன. சார் படத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் தட்டியதில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சாதாரணப் பால் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கிவந்து, ஒப்பிட்டுப் பார்க்கிற கண்ட்ரோலாக அதையும் அதே அளவில் கரைத்துப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் கரைகள் சேர்ந்தன. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவில்தான் இருந்தது. இரண்டு பவுடரிலும் செல்கள் மூடிய பிறகும் நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன.

சாரிடம் போய்ச் சொன்னேன். பசியில் கிடந்த செல்லுக்கு எது கிடைத்தாலும் நகரத்தான் செய்யும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கண்ட்ரோல் நமக்குத் தேவையில்லைம்மா" என்றார். "அதை யாரு உன்னைப் போடச் சொன்னது?"

குவிந்து கிடந்த செல்களின் படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு வீரியமாக ஆறுகிறது பார் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நம்பிப் பார்த்தேன். இல்லை. அவர் மனதார மகிழ்ந்துகொண்டிருந்தார். இவ்வளவு படித்தும் தன்னைத்தானே இவ்வளவு சுலபமாக ஏமாற்றிக்கொள்ள ஒருவரால் முடிகிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பவுடர் வெளியீட்டு விழா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. கடலைப் பார்த்த புல்வெளி, உள்ளே ஏசி ஹால். வெளியே சாலையோரம் கல் செதுக்குகிறவர்களின் உளிச்சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவை மூடியதும் அது நின்றது. வந்த ஒவ்வொருவருக்கும் கைக்கு அடக்கமாக ஒரு கல் யானை கொடுத்தார்கள். யானைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர்கள், யோகா சொல்லித்தருகிறவர்கள், வீடியோ போடுகிற இளைஞர்கள் என்று ஒரு கூட்டம். சார் கோட் போட்டிருந்தார். வியர்த்தது.

திரையில் என் படம் வந்தது. நான் கிழித்த கோடு, நான் எடுத்த படம். மேலே 'உங்கள் வயிற்றுச் சுவர்: முன், பின்' என்று எழுதியிருந்தார்கள். பால் பவுடர் படம் எங்கேயும் இல்லை. சார் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிப் பேசினார். பேச்சில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய். அமிலத்திலும் செரிமானத்திலும் அந்தப் புரதத்தில் எவ்வளவு மிஞ்சும், புண் இருக்கிற மனுஷனுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, என்றெல்லாம் அவர் தொடவே இல்லை. கைதட்டினார்கள். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கை தூக்கினார். கடலோர ஊர்களில் மருந்துக்கடைகள் நடத்துகிறவர் என்று பிறகு தெரிந்தது. நல்ல பருமன், மடியில் அந்தக் கல் யானை.

"அது யாரோட வயிறுங்க?" என்று கேட்டார்.

ஹாலில் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டு, நம் மாணவி விளக்குவாள் என்று மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு உட்காருவேன் என்று நினைத்திருப்பார்.

"வெளிநாட்டு அம்மா ஒருத்தரோடதுங்க" என்றேன். "அவங்க வயித்துல புற்றுக்கட்டி இருந்தது. அதுலேர்ந்து எடுத்து வளர்த்த செல்லு."

அந்த அம்மா யோசித்தார். "அப்போ இந்தப் பவுடரைப் போட்டா கட்டி வேகமா வளருதா?"

"வேகமா நகருது. கடையில விக்கிற பால் பவுடரைப் போட்டாலும் அப்படியேதான் நகருது. இதை வச்சு மனுஷங்க வயித்துப் புண்ணு ஆறும்னும் சொல்ல முடியாது, கட்டி வளரும்னும் சொல்ல முடியாது."

மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள். சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து போய் வரிசையில் நின்றது. ஒரு பொய் உடைந்த இடத்தில் இவ்வளவு அமைதியாகப் பனீர் பரிமாறப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா மட்டும் யானையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அந்த ஹாலில் எனக்கு மரியாதை வந்தது அவர் ஒருவர் மேல்தான்.

சார் என்னைக் கார்கள் நிற்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"உங்களுக்கெல்லாம் இந்த சீட் கிடைச்சதே பெரிய விஷயம்" என்றார். "அதை ஞாபகம் வச்சுக்கோ."

அங்கே நான் ஒருத்திதான் நின்றிருந்தேன். அந்தப் பன்மை யாரை எல்லாம் சேர்த்துச் சொன்னது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பஸ் ஏறிச் செங்கல்பட்டு வந்தேன்.

மறுவாரம் விழா வீடியோ வெளியானது. அந்த அம்மாவின் கேள்வியும் என் பதிலும் வெட்டப்பட்டிருந்தன. நான் மைக்கை வாங்குவதும் அதற்கு மேல் கைதட்டலும் மட்டும் இருந்தன. பார்த்தவர்களுக்கு நான் பவுடரைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்ததுபோலத்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் என் மாமா. அக்காவின் வீட்டுக்காரர். அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். மாமாவும் எங்களைப் போலக் கூலி வேலை செய்த குடும்பம்தான். படித்து, பரீட்சை எழுதி, டெக்னீஷியன் ஆனவர். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் அந்தக் கருவியை நம்ப மாட்டார், கழற்றித் திரும்ப ஒழுங்குசெய்வார். அதே ஆள், செல்போனில் கோட் போட்ட ஒருவர் பேசினால் அப்படியே விழுங்குவார். வேலையில் இருக்கிற சந்தேகமெல்லாம் வேலை முடிந்ததும் கழன்றுவிடுகிறது போல. இந்த வியாதி அவருக்கு மட்டும் இல்லை. அந்த டவுன்ஷிப்பில் அறிவியல் படித்த அத்தனை வீட்டிலும் அந்தச் சீம்பால் பவுடர் டப்பா இருந்தது.

மாமாவுக்கு இடுப்பு வலி. அதற்கு மருந்துக்கடையில் அவராக வாங்கிப் போடும் வலி மாத்திரை. அது வயிற்றைக் காக்கிற சுரப்புகளை நிறுத்திவிடும், வருஷக்கணக்கில் போடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்ததும் சீம்பால் பவுடர் ஆரம்பித்தார். குடித்த உடனே கொஞ்சம் அடங்கியது. எந்தப் பாலைக் குடித்தாலும் கொஞ்ச நேரம் அடங்கும். அவர் அதை வளர்ச்சிக் காரணியின் மகிமை என்று முடிவு செய்துவிட்டார்.

அக்கா ஒருநாள் போனில் வேறு எதையோ பேசிவிட்டு, நடுவில் சொன்னாள்: "இன்னாமோ தெர்ல, அவரு மூஞ்சே வெளுத்துப் போயிகீது. மாடி ஏறினா மூச்சு வாங்குது."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். மாமா அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே ரத்தமே இல்லாததுபோல இருந்தது. வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். மச்சினிச்சி கேட்கிற கேள்வியா இது என்று முகம் சுளித்தார். அக்கா சமையல்கட்டிலிருந்தே, தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று பதில் சொன்னாள். அவர் அக்காவை முறைத்தார். உயிர் போகிற விஷயத்திலும் நம் ஆண்களுக்கு மானம் எந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும் என்றேன். டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். அதன் மேல் என் படம், சின்னதாக அச்சடித்திருந்தது.

"நீ எடுத்த போட்டோ தானேம்மா இது? உங்க சாரே சொல்லிகினு கீறாரு. இப்போ நீ வந்து வேற மாதிரி சொல்றியே."

அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்னேன். புற்றுக்கட்டி, பால் பவுடர், வெட்டிய வீடியோ எல்லாவற்றையும் சொன்னேன். லேபில் நான் கிழிப்பது ஒரு வரிசைச் செல்லில் ஒரு கோடு, உங்கள் வயிற்றில் இருப்பது சுவரைத் தோண்டிய குழி, குழி ஆறக் கீழே சதையும் ரத்தக்குழாயும் புதிதாக வளர வேண்டும், மேலிருந்து ஊற்றுகிற எதுவும் அந்த வேலையைச் செய்துவிடாது என்றேன். அமைதியாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உனக்கும் சாருக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்றார். படிப்பு, பதவி, கோட் இவற்றுக்கு முன்னால் சொந்த வீட்டுப் பெண்ணின் வார்த்தைக்கு என்ன எடை என்று அன்றைக்கு அளந்து காட்டினார். நல்ல அளவைக்காரர்.

அடுத்த நாள் வேலை இடத்துக் கேண்டீனில் தட்டோடு வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி செய்த டாக்டர் என் வயதுப் பெண். நான் என்ன படிக்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்ததால், பார்க்கிறீர்களா என்று உள்ளே கூப்பிட்டார்.

அத்தனை வருஷம் இரைப்பைச் செல்லோடு குடித்தனம் நடத்தியும் நான் ஒரு உயிருள்ள இரைப்பையைப் பார்த்ததில்லை. திரையில் ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக மினுங்கியது. அசைந்துகொண்டிருந்தது. கேமரா திரும்பியதும் அந்தக் குழி. அடியில் வெள்ளை, ஓரம் வீங்கிச் சிவந்து, நடுவில் கறுப்பாக உறைந்த ரத்தம். ஓரத்துச் செல்களெல்லாம் தங்களால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். மாமா தினமும் மாத்திரை போட்டு அவற்றின் காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என் தட்டையும் அதில் நான் கிழித்த கோட்டையும் அந்த நேரத்தில் நினைக்கவே கூச்சமாக இருந்தது. டாக்டர் ரத்தம் கசிந்த இடத்தில் ஊசி போட்டு, கிளிப் மாட்டினார். ஓரத்திலிருந்து சதைத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மயக்கம் தெளிந்ததும் மாமா டாக்டரிடம் முதலில் கேட்டது, வளர்ச்சிக் காரணி உள்ள பவுடரைத் தொடரலாமா என்று.

"உங்க உடம்பே அதைச் சுரக்குதுங்க" என்றார் டாக்டர். "நீங்க மாத்திரை போட்டு அதைக் கெடுக்காம இருந்தாப் போதும்."

சதைப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அக்கா ஜெபம் செய்துகொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அவள் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு இருந்த மாதிரி எனக்கும் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் விட்டுவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனையும் உள்ளே போயிருக்கிறது, நம்பத்தான் மனசு வரவில்லை. எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்கிற என் குணம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. தெரியவில்லை மாமா, முடிவு வந்தால்தான் தெரியும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வரும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டார்.

புற்று இல்லை. சளிப்படலத்தில் குடியிருந்து புண்ணாக்குகிற கிருமி இருந்தது. அதற்கு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, வலி மாத்திரைக்குத் தடை. அவ்வளவுதான் வைத்தியம். பளபளப்பான டப்பா இல்லை, மேடை இல்லை. சில மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது குழி இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. சுற்றியிருந்த மடிப்புகளெல்லாம் அதை நோக்கிச் சுருங்கியிருந்தன.

நான் சாரிடம் திரும்பிப் போய் வேலை செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கைடை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தேன். இழுத்தடித்தார்கள். கடைசியில் வேறு துறையில் ஒரு மேடம் எடுத்துக்கொண்டார். அதிகம் பேசாதவர், பரிசோதனையில் கண்ட்ரோல் இல்லாவிட்டால் தாளையே தொடமாட்டார். பால் பவுடர் சோதனை என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாக வந்தது. வாய்மொழித் தேர்வில் சாரும் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை நான் காட்டியபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதற்குள் பதவி உயர்வு வந்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் எங்கேயும் சறுக்குவதில்லை. இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. இப்போது நான் செங்கல்பட்டில் நர்சிங் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வளர்ச்சிக் காரணி பாடம் வந்தால், அது செல்லுக்குச் செய்தி சொல்லும், நல்ல செல் கேட்கும், நின்றுகொள்ளும், கெட்ட செல் நிற்காது என்று சொல்லித்தருகிறேன். பவுடர் விற்கிறவர்களைப் பற்றி மேலே பேச வேண்டியதைக் கல்லூரி நிர்வாகம் கேட்காத நேரமாகப் பார்த்துப் பேசுகிறேன்.

மாமா தன் வயிறு ஆறியதற்கு டவுன்ஷிப்பில் என்ன காரணம் சொல்கிறார் தெரியுமா? மருந்தோடு அந்தப் பவுடரும் உள்ளே இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் ஆறியதாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் முன்னால் அவர் சொல்வதில்லை, அந்த அளவுக்குப் பயம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட கேள்வியையும் பிடித்த கையையும் நானும் அவரும் பேசியதே இல்லை.

போன மாதம் மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரை ஓரத்துக் கடையில் மாமா மீன் வறுவல் கேட்டார். டாக்டர் வேண்டாமென்று சொல்லவில்லை என்று அக்கா வாங்கிக்கொடுத்தாள். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிக்காரர் இப்போது முடி வளர ஏதோ எண்ணெய் கொண்டுவந்திருக்கிறாராம், அதிலும் வளர்ச்சிக் காரணி இருக்கிறதாம். பேசிக்கொண்டே கையை வழுக்கைக்குக் கொண்டுபோனார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மிச்சமிருந்த மீனைத் தின்ன ஆரம்பித்தாள்.